விளக்கெண்ணெய் குடித்த ஆஸ்டின்

என் அப்பா மருதப்பனுக்கு மூக்கு நுனியில் கோபம். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. ஸ்பேனரை மாற்றி எடுத்துக் கொடுத்தால் போதும், அவர் போடும் சத்தம் எங்கள் தேக்கா வட்டாரம் முழுக்கக் கேட்கும். ஆனால் என்னைச் சுமப்பதற்கு ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பியபோது எனக்கு ஐந்து வயது.

1959 டிசம்பரில், மாடிப்படி இல்லாத பள்ளி ஒன்று என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. அது பாசிர் பாஞ்சாங்கில் இருந்தது. டிரைஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டி அவ்வளவு தூரம் வராது. நெரிசலான பஸ்ஸில் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறவும் முடியாது. ஜனவரி நாலாம் தேதி வந்து வகுப்பில் உட்கார்ந்து காட்டினால்தான் பெயர் எழுதுவேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

இது பட்டறையில் கணக்கு எழுதும் கிராணி தில்லையம்பலம் ஐயா காதில் விழுந்தது. அவர் வீட்டுக் கொல்லையில் பழைய ஆஸ்டின் கார் ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து வண்டிகளைப் பறித்த காலத்தில் சக்கரங்களைக் கழற்றி ஒளித்து வைத்ததால் தப்பிய வண்டி.

"இது சும்மாதானே கிடக்குது, மருதப்பன். பிள்ளைக்கு உதவுமெண்டால் கொண்டு போங்கோ" என்றார். காசுப் பேச்சே எடுக்கவில்லை. இன்றும் அவரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

வண்டியை எங்கள் பின்கட்டுக்கு இழுத்து வந்தார்கள். கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. அப்பா தினமும் வேலை முடிந்து வந்து துருவைச் சுரண்டினார், ஓட்டைகளுக்குத் தகரம் வெட்டி வைத்தார், சாயம் அடித்தார். வெளியே மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. எஞ்சின்தான் அசையவில்லை. உள்ளே பிஸ்டன்கள் இறுகிப்போயிருந்தன.

ஒரு நாள் காலை நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னை வைத்தார். "பூவம்மா, அந்த நாலு ஓட்டையிலயும் எண்ணெய் ஊத்திடு. மறந்துடாத லா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

எங்கள் ஊரில் பெட்ரோலும் எண்ணெய், டீசலும் எண்ணெய், பஜ்ஜி பொரிப்பதும் எண்ணெய். அம்மாவுக்கு இறுகிப்போனது எதுவானாலும் ஒரே எண்ணெய்தான். தினமும் என் காலில் தேய்க்கிற விளக்கெண்ணெயைச் சூடு காட்டி, நாலு ஓட்டையிலும் பக்குவமாக ஊற்றிவிட்டார்.

சாயங்காலம் அப்பா மோந்து பார்த்தார்.

"எஞ்சினுக்குப் பேதிக்கா குடுத்திருக்கே?"

"எண்ணெய்னுதானே சொன்னீங்க? பிள்ளை காலே மடங்குது, இது மடங்காதா?"

அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மூன்று நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள், உள்ளே ஊறியதை வழித்து எடுக்கலாம் என்று போனவர் எஞ்சினைச் சுழற்றும் கிராங்க் கம்பியைச் சும்மா ஒரு திருப்பு திருப்பினார். திரும்பியது. இன்னொரு திருப்பு திருப்பிப் பார்த்துவிட்டு, "பூவம்மா, இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார். அப்பா அம்மாவுக்கு நன்றி சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஜனவரி மூணாம் தேதி, தெருவே இருமும்படி புகை கக்கிக்கொண்டு எஞ்சின் ஓடியது.

மறுநாள் பள்ளி வாசலில் அப்பா எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்று பயம். அம்மா என்னைத் தூக்கிப் போய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வெளியே போனார். முதல் நாள் இரண்டு மணி நேரம்தான். டீச்சர் சொன்னது ஒன்றும் என் தலையில் ஏறவில்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சன்னலுக்கு வெளியே அந்தக் கடகட சத்தம் நிற்கவே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே அழாமல் உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்ததும் அம்மா என்னைத் தூக்கி வந்தார். அப்பா சட்டை தொப்பலாக நனைந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பேரு எழுதிட்டாங்களா கமலா?"

"எழுதிட்டாங்கப்பா."

"இனி நின்னா நிக்கட்டும்" என்று அவர் கையை உள்ளே விட்டு எஞ்சினை அணைத்தார். மறுபடி கிளப்ப அரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை.