சனிக்கிழமையும் பின் ஸ்பிரிங்கும்

எங்கள் ஸ்டேஷன் வேகனின் பின்பக்கம் தொங்கிப் போனதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இதை என் கணவரிடம் நான் சொன்னதில்லை. வண்டி உட்கார்ந்துவிட்டதென்று யாராவது சந்தோஷப்படுவார்களா என்று கேட்டிருப்பார். நான் பட்டேன்.

அது பழைய வண்டி. பத்து வயதானதும் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி வைத்திருப்பதற்கான உரிமமான சிஓஇ-யை இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே, "இன்னும் பத்து வருஷம் கவலையில்ல லா" என்றார். பத்து வருடம் கழித்து எனக்கு அறுபத்திரண்டு வயது. கவலையில்லையாம். டீத்தம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

தேக்காவில் ஒரு சந்துக்குள் வாடகைச் சமையலறை பிடித்துச் சாப்பாடு செய்து கொடுக்கிறோம். சமைப்பது நான், துணைக்கு இரண்டு பெண்கள். ஆர்டர் பிடிப்பதும் கொண்டுபோய் இறக்குவதும் அவர். திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு. ஞாயிறு என்றால் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு. வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான் என்னுடையது.

சனிக்கிழமை காலையில் வண்டியை நானே எடுப்பேன். எல்லை தாண்டச் சட்டம் கேட்கிற முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டு, உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஊர்ந்து, ஜோகூரில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போவேன். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். மகன் வீட்டில் இருக்கிறாள். மூன்று வருடமாக அவளுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. காலையில் சாப்பிட்டாளா என்பது தெரியாது. மருமகளை யாரோ வாடகைக்கு இருக்கும் பெண் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசுவாள். ஆனால் சனிக்கிழமை மட்டும் எப்படியோ தெரியும். அன்றைக்கு யாரும் சொல்லாமலே குளித்து, அரக்குக் கலர் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டி, பவுடர் போட்டுக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த வீட்டு வாசலில் சாக்கடைக்கு மேல் ஒரு சிமெண்டுப் பலகை போட்டிருக்கிறார்கள். அதில் ஏறி இறங்கும்போது வண்டி காலியாக இருந்தாலும் அதன் அடிப்பக்கம் உரசிக் கரகரவென்று சத்தம் போடும். அதைக் கேட்டதும் அக்கா எழுந்து நின்றுவிடுவாள். "சனிக்கெழம வந்துருச்சு" என்பாள். என் பெயரைச் சொல்ல மாட்டாள். அது போய் ஒரு வருடம் ஆகிறது. சனிக்கிழமை வந்துவிட்டது என்பதுதான் இப்போது என் பெயர், எனக்கு அது போதும்.

இந்தச் சனிக்கிழமையைக் காப்பாற்றி வைத்திருந்தது அந்தத் தொங்கிப் போன வண்டிதான். உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிலாளர் விடுதியில் சனிக்கிழமை மதியச் சாப்பாடு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெரிய ஆர்டர். ஒரே நடையில் ஏற்றினால் வண்டி தரையோடு போய்விடும், இரண்டு நடை அடித்தால் இரண்டாவது நடைக்குள் அவர்களுடைய சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். கணவர் ஆசையோடு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வண்டி தாங்காதுங்க" என்பேன். எனக்கு முடியாது என்றால் அவர் நாலு பதில் வைத்திருப்பார். வண்டிக்கு முடியாது என்றால் வாயை மூடிக்கொள்வார். ஆகவே முடியாததை எல்லாம் நான் வண்டியின் தலையில் கட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, மாடி கார்பார்க்கின் ஏற்றத்தில் வண்டி பின்னால் உட்கார்ந்ததில், துணி கட்டி மூடியிருந்த சாம்பார் அண்டா சரிந்து பாதி கொட்டிவிட்டது. அது போதாதென்று, பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் வானத்தைப் பார்த்ததால், எதிரே வருகிறவர்களெல்லாம் நாங்கள் ஹை பீம் போட்டிருக்கிறோம் என்று நினைத்து லைட்டை அடித்துக் காட்டினார்கள். சாம்பாரைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "பின்னாடி ஸ்பிரிங் மாத்திடலாம். ஹெவியா ஒண்ணு போட்டா நிமிந்துடும்." நான் அண்டா கட்டியிருந்த துணியைப் பிழியத் திரும்பிக்கொண்டேன்.

உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். நாற்பது வயசுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் டேப்பை எடுத்துச் சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை இரண்டு பக்கமும் அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு தரையில் மூன்று கம்பிச்சுருள்களை வரிசையாக நிற்க வைத்தார். முதலாவது வண்டியோடு வந்ததைப் போன்றது. இரண்டாவது கொஞ்சம் தடித்த கம்பி. மூன்றாவதை அவர் இரண்டு கையாலும் தூக்கி வைத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். பாரம் எப்பவும் இருக்கா, எப்பவாச்சும் ஏத்துறதா? எப்பவாச்சும்னா நடுவுல உள்ளது போதும். எப்பவும்னாதான் இந்தத் தடி. சும்மா ஆசைக்கு இதப் போட்டீங்கன்னா காலியா ஓட்டும்போது தூக்கித் தூக்கிப் போடும்."

"எப்பவும்தான்" என்றார் கணவர்.

"எத்தன கிலோ?"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தூக்குவது அவர் என்றாலும் எதில் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். இது நடக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். தோ பாயோ வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நூறு கிலோ என்று சொல்லிவிடுவது. நடு ஸ்பிரிங் வந்துவிடும். வண்டி கொஞ்சம் நிமிரும், சாம்பார் கொட்டாது, விடுதிச் சாப்பாடு மட்டும் ஏறாது. பொய்தான். யாருக்கும் நஷ்டமில்லாத பொய்.

"நூறு இருக்கும்" என்றேன்.

மெக்கானிக் நோட்டில் எழுதவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா. அப்புறம் கொறஞ்சு போச்சுன்னு நிக்கக் கூடாது பாருங்க" என்றார்.

குறைந்து போகும் என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. இருபது வருடமாக என் பிழைப்பே அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து நடப்பதுதான். ஐம்பது பேர் என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் நான் எழுபது பேருக்கு உலை வைப்பேன். ஐம்பது பேர் வருவார்கள், அவர்களோடு சொல்லாமல் பத்துப் பேர் வருவார்கள், போகும்போது பாத்திரத்தில் கட்டிக் கொடுக்க வேண்டியவர்கள் பத்துப் பேர். எங்கள் ஆட்களுக்குச் சமைக்கிற எவரும் அப்படித்தான் செய்வார்கள். பந்தி நடுவில் சோறு இல்லை என்று சொல்வதைவிடச் செத்துப்போகலாம். அந்த மெக்கானிக் என்னைச் சமையல்காரியாக நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் பதில் சொன்னது சமையல்காரிதான்.

"இருங்க. சாதம் அண்டா ரெண்டு, ஒண்ணு முப்பத்தஞ்சு. சாம்பார் முப்பது. ரசம், மோர் ரெண்டும் சேந்து முப்பது. கூட்டு, பொரியல், அப்பளக் கூடை, வாழை இலை..." விரல் மடக்கிக்கொண்டே போனேன். நூற்றி அறுபதில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கடைசி நேரத்தில் கூடுகிற ஆட்களுக்காக எப்போதும் சேர்ப்பதுபோல இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். "இருநூறு, இருநூத்தி இருபதுன்னு வச்சுக்குங்க. கூடவே இருக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மெக்கானிக் மூன்றாவது ஸ்பிரிங்கைக் காலால் லேசாகத் தட்டினார். "அப்ப இதுதான். ஆனா அக்கா, ஸ்பிரிங் தாங்குதுன்னு வண்டிக்கு எழுதியிருக்கிற எடையத் தாண்டாதீங்க. பிரேக் அதே பழைய பிரேக்தான்."

"இல்ல, நடுவுல உள்ளதே..." என்று இழுத்தேன்.

"நீ சும்மா இரு. சொன்ன கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார் கணவர். அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. எப்போதும் என் கணக்கு குறைந்ததில்லை என்று மெக்கானிக்கிடம் சொல்லிக் காட்டினார்.

மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது அது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. கணவர் சுற்றிச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு அண்டா வைக்கலாம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் காலி வண்டி எங்களைத் தூக்கிப் போட்டது. எனக்கு அழுகை வந்தது. முதுகு வலி என்றேன்.

அந்த வாரச் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சிமெண்டுப் பலகையில் வண்டி சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. நாற்காலியில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்திருக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் போய்த் தோளைத் தொட்டேன். "நீங்க யாரப் பாக்கணும்?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிறகுதான், "ஓ, சனிக்கெழமயா" என்றாள்.

நான் வீடு திரும்பியபோது கணவர் விடுதி ஆர்டரை ஒத்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து.

"எனக்குச் சனிக்கிழமை வேணும்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியை நடுவில் இழுக்காமல் எனக்கு என்று சொன்னேன்.

"ஒரே ஒரு மாசம் பாப்போம் லா. அக்காவுக்கு எந்த நாள்னு தெரியவா போவுது? வேற ஒரு நாள் போ."

"வேற எந்த நாளு இருக்கு?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அவர் கெட்டவரில்லை. நாள் கிடைக்கவில்லை. "இப்ப வண்டி தாங்காதுன்னு எப்படிச் சொல்றது? நீ சொன்ன எடைக்குத்தானே போட்டோம்" என்றார். அந்த எடையைச் சொன்ன வாய் என்னுடையது.

மூன்று சனிக்கிழமைகள் ஆயின. விடுதியில் இறக்குவதற்கு நானும் கூடப் போக வேண்டியிருந்தது. அந்த விடுதியின் பின்வாசலில் நின்றால், சாலை முடிகிற இடத்தில் ஜலசந்தியும் அதற்கு அந்தப் பக்கம் ஜோகூரின் கட்டடங்களும் தெரியும். அவ்வளவு பக்கத்தில் போய்விட்டு, காலி அண்டாக்களை ஏற்றிக்கொண்டு, தேக்காவுக்குத் திரும்பி ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு வெங்காயம் உரிக்க வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை, கணவர் உள்ளே சாப்பாட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் முன்சீட்டில் இருந்தேன். போன் அடித்தது. அக்கா மகனுடைய எண். அவன் போட்டுக் கொடுத்திருக்கிறான், பேசியது அக்கா.

"இன்னிக்குச் சனிக்கெழம இல்ல?" என்றாள்.

அப்போது மணி ஒன்றரை. காலையிலிருந்து கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறந்துவிடுவாள், ஐந்து நிமிடத்தில் மறுபடி ரோட்டைப் பார்ப்பாள், அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இல்லக்கா" என்றேன். "இன்னிக்கு வெள்ளி."

அக்கா சிரித்தாள். தன்னையே பார்த்துச் சிரிக்கிற, வெட்கப்பட்ட சிரிப்பு.

"வெள்ளியா. நான் ஒரு பைத்தியம், இன்னிக்கே கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். இரு, சேலைய அவுத்து மடிச்சு வச்சிர்றேன். இல்லாட்டி நாளைக்கு நீ வரும்போது கசங்கிப் போயிருக்கும்."

அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நாள்தான். அதில் அவள் தப்பே செய்யவில்லை.

"சரிக்கா" என்றேன்.