சாம்பலுக்கு மஞ்சள் பூசியவர்

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பாலைவனம் இருந்தது. எண்ணூரில் கடல் உண்டு, ஆறு உண்டு, பாலைவனம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பக்கத்துக் கம்பெனி நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகத் தூரத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பும். குழாயில் அங்கங்கே ஓட்டை. ஒழுகி ஒழுகி, ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த வெளி முழுக்கச் சாம்பல் மேடிட்டுவிட்டது. அதற்குப் பாலைவனம் என்று பெயர் வைத்தவர் என் சித்தப்பா. மற்றவர்கள் வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

சித்தப்பா கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்கெல்லாம் படம் எடுப்பவர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கேமரா சும்மா கிடந்தால் அவருக்குக் கை அரிக்கும். விடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு சாம்பல் வெளிக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்கு இது அறவே பிடிக்காது. என் தம்பிக்கு மூச்சிரைப்பு. காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாட்களில் அம்மா எந்த வேலையும் செய்யாமல் அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"புள்ள மூச்சு வுட முடியாம கெடக்குது. நீ இன்னாடான்னா அந்தச் சாம்பலப் போயி படம் புடிச்சுகினு கீற" என்று சித்தப்பாவைத் திட்டுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டுவார்.

அந்தச் சாம்பலில் எதுவும் பிழைக்காது என்றுதான் ஊரே நினைத்திருந்தது. ஆனால் ஓணான் இருந்தது. உடும்பு வாலை இழுத்துக்கொண்டு போன தடம் இருந்தது. ஓர் ஆள்காட்டிக் குருவி ஜோடி சின்னதாகக் குழி பறித்து, கரித்துண்டுகளைச் சுற்றி வைத்து முட்டையிட்டிருந்தது. முட்டையும் சாம்பல் நிறம்தான். கொஞ்சம் கண்ணெடுத்தால் அப்புறம் தேட வேண்டும். அம்மாவின் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு நாங்கள் குப்புறப் படுத்துப் பார்ப்போம். வெயில் ஏறி சாம்பல் கொதிக்க ஆரம்பித்ததும் ஒரு குருவி ஆற்றுக்கு ஓடும்.

"தோ பாரு, வவுத்த நனைச்சுகினு வருது. முட்ட சூடாயிடக் கூடாதாம்" என்று சித்தப்பா கிசுகிசுத்தார். ஈர வயிற்றோடு அது முட்டைமேல் உட்காருவதைப் படம் எடுத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அது கல்யாண ஆல்பம் போட்டுப் பழகிய கை. பெண் எந்த நிறமாக இருந்தாலும் கொஞ்சம் வெளுக்க வைத்துத்தான் ஆல்பத்துக்கு அனுப்புவார். அனுப்பாவிட்டால் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். கம்ப்யூட்டரில் சாம்பலைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எழவு வூடு கணக்கா கீது" என்று சொல்லி மஞ்சளைக் கூட்டினார். சாம்பல் தங்க மணலாகிவிட்டது. வானம் நீலமாயிற்று, பின்னாலிருந்த புகைபோக்கி காணாமல் போயிற்று. ஒட்டகம் ஒன்று வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். படம் ஃபேஸ்புக்கில் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாலைவனம் என்று மேலே எழுதியிருந்தார்.

கொஞ்ச நாளில், ஊருக்கு அந்தப் பக்கமும் சாம்பல் கொட்டப் புதிய குளம் வெட்டப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. அதற்கு அரசாங்கம் ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தது. புதிய குளம் வரக் கூடாது, இருக்கிற சாம்பலையும் அள்ள வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. சாட்சிக்குப் படம் எடுக்கும் வேலை சித்தப்பாவுக்கு. கொடியில் காயும் துணியில் சாம்பல், குடத்துத் தண்ணீரில் சாம்பல், மூச்சுக்குத் தவிக்கும் என் தம்பியின் விலா எலும்பு. இவற்றில் அவர் ஒரு பொட்டு நிறத்தைக்கூடத் தொடவில்லை. பெரிதாகப் போட்டு அட்டையில் ஒட்டினார்கள். தம்பியின் படத்தை அம்மாவே பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். சித்தப்பா பல தடவை படம் எடுத்த மண்டபம்தான். கம்பெனி அதிகாரி திரையில் முதலில் காட்டியது எங்கள் குருவியை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"சாம்பல்ல உயிர் வாழ முடியாதுன்னு சொல்றீங்க. இதோ, உங்க ஊர்ப் பறவை அடைகாக்குது. எவ்வளவு அழகான மணல்" என்றார் அவர்.

சித்தப்பா எழுந்து நின்றார். "சார், அது மணலு இல்ல, சாம்பலு. கலரு நான்தான் மாத்துனேன்."

அதிகாரி கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு கழுத்தை அறுக்கிறவர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். நான் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"அப்போ இவங்க கையில பிடிச்சிருக்கிற படமெல்லாம்?"

"அதுவும் நான் எடுத்ததுதான் சார்."

"எல்லாமே நீங்கதானா?"

"எல்லாமே நான்தான் சார்."

அதிகாரி மேடையில் இருந்த அரசாங்கத்து ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். மேடையில் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். அதன் பிறகு யார் எந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினாலும் மேடையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா தம்பியின் படத்தைத் திருப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

புதிய குளம் வந்தது. இப்போது எங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் பாலைவனம். தம்பி வளர்ந்துவிட்டான், சட்டைப் பையில் இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டான். அவன் அதை வாயில் வைத்து உறிஞ்சும்போதெல்லாம் எனக்கு இன்றும் அந்த மண்டபம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய அதிகாரி, அத்தனை பேருக்கு நடுவில், எல்லாப் படமும் நீங்கள் எடுத்ததுதானா என்று என் சித்தப்பாவைக் கேட்டார் என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா சித்தப்பாவுக்குச் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றுவிட்டு எழுந்தார்.

அம்மாவுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.