மேற்குச் சுவரில் டொல்பின்

கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், விடுமுறை நாட்களில் நான் தொடங்கிய சுவர் ஓவிய வேலை அது. மண்டபத்தில் எதிரெதிரே இரண்டு சுவர்கள். ஒன்றில் கங்கை ஆற்று டொல்பின், மற்றதில் நம் களப்போரத்துச் சேற்றில் வளரும் கண்டல் மரம். இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பிக்க வேண்டும் என்பது விஞ்ஞான மிஸ்ஸின் விருப்பம்.

எதற்கு எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். நம் பக்கம் ஆறு மேற்கிலிருந்து வரும், கடல் கிழக்கில் இருக்கும். அதனால் டொல்பினை மேற்குச் சுவருக்கும் மரத்தைக் கிழக்குச் சுவருக்கும் ஒதுக்கி, சோக்கால் கட்டம் போட்டேன். டொல்பினை முதலில் முடித்தேன். கலங்கல் தண்ணீரிலிருந்து நீண்ட மூக்கு எழும்புவது போல் வந்திருந்தது. கைக்கு நன்றாக அமைந்த வேலை.

பாடசாலை தொடங்கிய அன்று, மதிய லுஹர் தொழுகைக்குப் பிள்ளைகள் அந்த மண்டபத்தில் பாய் விரித்தார்கள். எல்லாரும் மக்கா இருக்கும் மேற்கு நோக்கி நின்றார்கள். முன்னால் டொல்பின். சமயம் படிப்பிக்கும் மௌலவி சேர் என் பெயின்ட் சீலையை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டுத் தொழுவித்தார்.

பிறகு அதிபரின் அறையில் இதைப் பற்றிக் கதை நடந்தது. உயிருள்ளதன் உருவத்தை முன்னால் வைத்துத் தொழ ஏலாது, மரம் என்றால் பரவாயில்லை என்றார் மௌலவி. டொல்பினை அழித்துவிட்டு மரத்தோடு வேலையை முடிக்கச் சொன்னார் அதிபர்.

"மரம் மட்டும் இருந்தா எதோட சேர் ஒப்பிடுற?" என்றார் மிஸ். "டொல்பின் தண்ணிக்குள்ள இரிந்தாலும் மூச்செடுக்க மேல வரணும். கண்டல்ட வேரும் சேத்துக்குள்ள இரிந்து அதுக்குத்தான் மேல வருது. ரெண்டையும் ஒண்டாப் பாத்தாத்தானே புள்ளைகளுக்கு விளங்கும்."

நான் நிலத்தைப் பார்த்தபடியே, "சுவர மாத்திக் கீறித் தாறன் சேர்" என்றேன்.

"டொல்பின் முதுகுக்குப் பின்னுக்கு நிண்டா பரவால்லயா மௌலவி?" என்று கேட்டார் அதிபர்.

"தொழுற புள்ள திரும்பிப் பாத்தாத்தான் சேர் பிரச்சினை."

மிஸ்ஸும் சிரித்துவிட்டார்.

மேற்குச் சுவர் டொல்பினை மறைக்க அதன்மேல் பேஸ் கோட் அடித்தேன். தண்ணீரின் மண்ணிறத்தை மட்டும் விட்டேன். அது கண்டலுக்குச் சேறானது. மூக்கு எழும்பியிருந்த இடத்தில், பென்சில்களைக் குத்தி வைத்தது போல மூச்சு வேர்களைக் கீறினேன். கிழக்குச் சுவரில் கீறிய இரண்டாவது டொல்பின் முதலாவதைப் போல வரவில்லை. ஆனால் மிஸ்ஸின் பாடம் இரண்டு சுவர்களோடும் நடக்கிறது.

இப்போது வேலை பேசப் போனால், அந்தச் சுவருக்கு முன்னால் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று முதலில் கேட்கிறேன். என்ன கீற வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான்.