உங்கள் அம்மா வீடு கழுவியதும் கீழ்வீட்டுக் கூரை நனைந்ததும்

போன வாரம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். "நைனா, பிளாட்டை எல்லாம் செக் பண்ணியாச்சின்னு பில்டரே பேப்பர் குடுத்துட்டாரு. நாம தனியா ஒரு ஆள வெச்சிப் பாக்கணுமா?" என்று கேட்டாள். வைக்கத்தான் வேண்டும் என்று உடனே சொன்னேன். ஏன் என்று போனில் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். மகனும் படிக்கட்டும். இது நடந்தபோது நீங்கள் இருவரும் ஹாஸ்டலில் இருந்தீர்கள். வீட்டில் ஏதோ தண்ணீர்ச் சண்டை என்ற அளவில்தான் உங்களுக்குத் தெரியும்.

முதலில் என் வேலையைப் பற்றி ஒரு விஷயம். சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் நான் சேர்ந்தபோது எங்கள் சரக்கு பக்கத்து மாநிலங்களோடு நின்றுவிடும். பிறகு வெளிநாட்டுக் கதவெல்லாம் திறந்தது. கூழ் டிரம் டிரம்மாகக் கப்பலேறியது. அதோடு ஒரு புது ஆளும் வந்தார். எங்கள் லேப்பில் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று சீட்டு ஒட்டின பிறகும், வாங்குகிறவன் அனுப்பும் வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பார். நாங்கள் துடைத்து முன்வரிசையில் வைத்த டிரம்மை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். பின்னால் மூலையில் தூசியோடு நிற்பதைக் காட்டி, "அதைத் திறங்க" என்பார். முதலாளி வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வேலை முடியும் வரை வர மாட்டார். ஒரு சீசனில் எங்கள் சரக்கையே திருப்பிவிட்டார். முதலாளி கத்தினார். ஆனால் அடுத்த சீசனில் அவர் சரி என்று சொன்னதும் யாரும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கினார்கள். செய்தவன் ஒருவனாகவும் பார்த்துச் சொல்கிறவன் வேறொருவனாகவும் இருப்பதால் எத்தனை பலம் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

உங்கள் காலேஜுக்காகத் திருப்பதிக்கு மாறினோம். திருச்சானூர் ரோட்டுப் பக்கம் புதிதாக எழும்பிய அப்பார்ட்மெண்டில் பிளாட் வாங்கினோம். நகரிப் பக்கத்து ஊரில் கூலிவேலை செய்த குடும்பத்தில் பிறந்த எனக்கு மாடியில் சொந்த வீடு. உங்கள் அம்மாவுக்கு அந்த வீட்டில் பிடித்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் சாமான்களை ஓரங்கட்டி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளி வாளியாக ஊற்றி ஹாலைக் கழுவுவாள். ஈரத்துணியால் துடைத்தால் அவளுக்கு அது சுத்தமே இல்லை. கழுவி, கோலம் போட்டு, விளக்கேற்றினால்தான் வீடு வீடாக இருக்கும் என்பாள்.

நமக்கு நேர்கீழே, பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயரான ஒருவரும் அவர் மனைவியும். தெலுங்குக்காரர்கள். வேலூர்ப் பக்கம் பழக்கம் உண்டு, தமிழ் நன்றாகப் பேசுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மேலே வந்தார்.

"சார், எங்க ஹாலு கூரையில ஈரம் எறங்குது. வெள்ளிக்கிழமை ஆனா போதும், எங்க வீட்ல மழை. கொடை புடிச்சிக்கினு டிவி பாக்கறோம்."

போய்ப் பார்த்தேன். பொய் இல்லை. கூரையில் பழுப்பாகப் படர்ந்த கறை. அங்கிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர். பிளாட்காரர்களின் சங்கக் கூட்டம் கூட்டினார்கள். பில்டரின் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, மேல்வீட்டில் ஹாலைக் கழுவுவதுதான் காரணம் என்று சொல்லிவிட்டாராம். நம் ஹால் தரையை நாமே உடைத்துப் புதிதாகப் போட வேண்டும், இனிமேல் தண்ணீரே ஊற்றக் கூடாது என்று முடிவுக்கு வந்தார்கள்.

"இது ஊரு இல்ல சார், அப்பார்ட்மெண்ட். இங்க தொடைக்கணும்" என்றார் செக்ரெட்டரி.

"எருமையக் கழுவுற மாதிரி ஹாலக் கழுவுனா தரை இன்னா பண்ணும்?" என்றார் பின்னால் இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா வாசலோரம் பெண்களோடு நின்றிருந்தாள். அப்படியே படியேறிப் போய்விட்டாள்.

நான் கோபப்படவில்லை. "கட்டினவங்களே பாத்துச் சொன்னா எப்டி சார்? எங்க கம்பெனியில எங்க லேப்பு சொல்றத எவனும் ஒத்துக்க மாட்டான். வெளியாள் ஒருத்தர் பாக்கட்டும். எங்க மேல தப்புன்னு சொன்னா, நாளைக்கே தரைய ஒடைக்கறேன்" என்றேன். ஒரு நிபந்தனையும் போட்டேன். அவர் கூலியை இரண்டு வீடும் பாதிப் பாதி கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவர் யாருக்கும் ஆள் ஆக மாட்டார். கீழ்வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா விளக்குகூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சித்தூருக்கே போயிடலாங்க. வாடக வீடா இருந்தா இன்னா, தண்ணி ஊத்தனா ஏன்னு கேக்க ஆளு இல்ல. எருமையாம்."

"ஏம்மே, ஒருத்தன் வாய்க்குப் பயந்துகினு வீட்ட விட்டுப் போவாங்களா?"

"வர்றவரும் என்னாலதான்னு சொல்லிட்டா?"

"சொன்னா ஒத்துக்குவோம். சொல்ல மாட்டாரு."

அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் சரியான வழியில் போகிறோம் என்ற தைரியம் இருந்தது. அவளோ, அவர் என்ன சொன்னாலும் இனி இந்த ஹாலில் ஒரு சொம்பு தண்ணீர் விடுவதில்லை என்று வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

திருப்பதி இன்ஜினியர்களில் பாதிப் பேர் அந்த பில்டருக்கு வேண்டியவர்கள். அதனால் சித்தூரிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அரசாங்கத்தில் கட்டட இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழுதான கட்டடங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு வீட்டிலும் காபி போட்டு வைத்திருந்தார்கள். இரண்டையும் தொடவில்லை. "வேலை முடியட்டும் தல்லி" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னார். தெலுங்கில் அம்மாவைத் தல்லி என்பார்கள். "காபி கூடக் குடிக்க மாட்டேன்றாரு, இவரு எங்க நமக்கு நல்லது சொல்லப் போறாரு" என்று அவள் என் காதில் முணுமுணுத்தாள். எனக்கோ கூழ் கம்பெனிக்கு வந்த அந்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

முதலில் கீழ்வீட்டுக்குப் போனார். அந்த ஹால் மின்விசிறிக்கு வரும் கரண்ட்டை நிறுத்தச் சொன்னார். டார்ச் மாதிரி ஒரு கருவியைக் கூரையில் ஒவ்வொரு இடமாக வைத்தார். ஈரம் எவ்வளவு என்று அது எண்ணில் காட்டியது. கறையின் நடுவில் எண் குறைவு. ஓரத்தில், அவர்கள் ஊஞ்சல் மாட்டியிருந்த கொக்கியின் பக்கத்தில்தான் அதிகம். அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

பிறகு மேலே வந்து, "தல்லி, வெள்ளிக்கிழமை எப்டி கழுவுவீங்களோ அப்டியே செஞ்சி காட்டுங்க. தண்ணி வேணாம், சும்மா காட்டுங்க" என்றார். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள்.

"கூச்சப்படாதீங்க. நான் உங்களப் புடிக்க வரல, தண்ணியப் புடிக்க வந்திருக்கேன்."

வெறும் வாளியோடு சாமி மூலையிலிருந்து ஆரம்பித்து, துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"ஹால்ல தண்ணி போற ஓட்டை ஒண்ணும் காணமே. கடைசியா எங்க தள்ளுவீங்க?"

"பாத்ரூமுக்கு சார். வேற எங்க தள்றது?"

அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "மொத்தமுமா?"

"ஒரே தள்ளு."

நம் ஊர் வீடுகளில் சுவரின் அடியில் ஓட்டை வைத்திருப்பார்கள். கழுவின தண்ணீர் வெளியே ஓடிவிடும். பிளாட்டில் அது கிடையாது. நம் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் எல்லோருமே ஹால் தண்ணீரை பாத்ரூமுக்குத்தான் தள்ளுவார்கள். அதை எந்த இன்ஜினியரும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

அன்றைக்கு பாத்ரூம் வாசலை ஈரத்துணியால் அடைத்துவிட்டு, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை ஹால் முழுக்க ஊற்றச் சொன்னார். நன்றாக ஊறவிட்டு, முறத்தால் வாரி வாளியில் எடுத்தோம். மறுநாள் இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்தே கூரையைப் பார்க்க வேண்டும், தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தோம். கறை பழையபடியே இருந்தது. சிவப்பு ஒரு சொட்டு இல்லை.

அடுத்த முறை வந்தபோது பாத்ரூமில் தண்ணீர் இறங்கும் வாயை அடைத்து, நீலச் சாயத் தண்ணீரைத் தேக்கினார். மத்தியானம் தாண்டியிருக்கும். கீழேயிருந்து குரல் வந்தது.

"சார்! நீலம்! நீலம் வந்துடுச்சி!"

ஓடினோம். கீழ்வீட்டுக்காரர் ஊஞ்சலில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். கொக்கியிலிருந்து சங்கிலி வழியாக நீலத் தண்ணீர் இறங்கி அவர் வெள்ளைத் துண்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

நம் பாத்ரூமில் அந்த வாயைச் சுற்றி ஒரு கை அகலம் கொத்திப் பார்த்தார். குழாய்க்கும் தரைக்கும் நடுவில் சிமெண்டே வைக்காமல் டைல்ஸ் ஒட்டி மூடியிருந்தார்கள். குளிக்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் குழாயிலேயே போய்விடும். வெள்ளிக்கிழமை மொத்தமாக வந்து தேங்கும்போது அந்த இடுக்கில் இறங்கும். கீழ்வீட்டு மின்விசிறிக்குக் கூரைக்குள் கரண்ட் வயர் போகும் பைப்பில் புகுந்துகொள்ளும். ஊஞ்சல் கொக்கிக்காகத் துளை போட்டபோது அந்த பைப்பையும் சேர்த்துத் துளைத்திருக்கிறார்கள். தண்ணீர் அங்கே வெளியே வந்தது.

"ஊஞ்சலுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்று கீழ்வீட்டுக்காரர் இழுத்தார்.

"நான் அப்பவே சொன்னேன், சோபா போதும்னு. மகாராஜாவுக்கு ஊஞ்சல் கேட்டுச்சி" என்றார் அவர் மனைவி.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "அந்த அம்மா ஹாலக் கழுவலன்னா இது தெரிஞ்சே இருக்காது. இடுக்கு பெருசாகி, ஒரு நாள் கரண்டோட சேந்து வந்திருக்கும். அடியில ஊஞ்சல்ல யாரு ஒக்காந்திருப்பாங்களோ" என்றார். கீழ்வீட்டுக்காரர் ஊஞ்சலிலிருந்து மெதுவாக எழுந்துவிட்டார். லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் அதை விட்டு இறங்கவே மாட்டார்கள்.

ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதினார். பாத்ரூம் குறை கட்டினவருடையது. துளை கீழ்வீட்டுடையது. நமக்கும் ஒரு வரி இருந்தது: இத்தனை தண்ணீர் வேண்டாம், ஹால் சுவரின் அடி ஈரம் குடிக்க ஆரம்பித்திருக்கிறது. உங்கள் அம்மா அதை மறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டு இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொன்று கொடுத்த பிறகுதான், "இப்ப குடுங்க தல்லி" என்று நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு வீட்டுக் காபியையும் குடித்தார்.

செக்ரெட்டரி கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படித்தார். வெளியாள் எழுதியது என்பதால் பில்டரின் ஆட்கள் வாதாடாமல் வந்து பாத்ரூம் தரையைச் சரிசெய்தார்கள். கீழ்வீட்டில் பைப்பை மாற்றி, துளையை அடைத்து, ஊஞ்சலைக் கழற்றினார்கள். எருமை என்று பேசினவர் என்னைத் தனியாக ஓரங்கட்டி, அவர் வீட்டு சமையலறைச் சுவரிலும் ஈரம் இருப்பதாகச் சொல்லி, சித்தூர் இன்ஜினியரின் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் அம்மா மட்டும் வாளியை நிமிர்த்தவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. ஈரத்துணியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு ஹால் நடுவில் நின்றாள்.  நான் ஊற்றச் சொன்னால் எனக்காகச் செய்வாள், அது வேண்டாம் என்று பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

கீழே பால்கனியிலிருந்து கீழ்வீட்டு அம்மாள் கூப்பிட்டார். உங்கள் அம்மாவை நாத்தனார் முறையில், தெலுங்கில் வதினா என்றுதான் கூப்பிடுவார். நடுவில் அந்தப் பேச்சே நின்றுபோயிருந்தது.

"ஏம் வதினா, இன்னிக்கி வெள்ளிக்கெழம இல்லயா? மேல சத்தமே காணோம். எனக்கு இன்னிக்கி கெழமையே தெரியல."

உங்கள் அம்மா துணியை வீசிவிட்டு வாளியை நிமிர்த்தினாள், ஒரே வாளிதான். குழாயைத் திறந்துவிட்டு பால்கனிக்குப் போய்க் குரல் கொடுத்தாள்.

"தோ கழுவறேன் வதினா! நீ மேல பாத்துக்கினே இரு!"