கந்தப்பன் மறைக்கும் இடம்

தேயிலைப் படத்தில் அந்த இடம் வந்தால் கந்தப்பனின் வலது கை தானாக எழுந்து படமிசினின் லென்சை மூடிக்கொள்ளும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கட்டிய திரை இருண்டுபோகும். சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் சனம், "ஏய், படத்தப் போடப்பா!" என்று கூச்சல் போடும். அவன் காதில் ஏறாது. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிற்பான். கை இறங்கும்போது திரையில் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கும்.

மற்றபடி இவனைப்போல ஒழுங்கான ஓப்பரேட்டர் இலங்கையின் ஊவா மலைகளில் கிடையாது. கால் கழுவாமல் மிசினைத் தொடமாட்டான். வில்லன் தலை தெரிந்ததுமே, "இவன் நாசமாப் போற பய, பாத்துக்கங்க!" என்று கூட்டத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவான். பொம்பளைகள் அதற்காகவே அவன் பக்கத்தில் இடம் பிடிப்பார்கள்.

பதுளை பஸார் வீதியில் அலவி முதலாளி ஒரு பழைய லொறியும் ஒரு படமிசினுமாகக் கம்பனி தொடங்கியது நாற்பத்தொன்பதில். மதராஸில் ஓடித் தேய்ந்த படங்களைத் தருவித்துத் தோட்டம் தோட்டமாகக் காட்டினார், மற்ற ஊர்க் கொட்டகைகளுக்கும் விநியோகம் செய்தார். பிறகு வந்தது பெரிய யோகம். சீமையில் வீட்டுக்குள்ளேயே படம் ஓடுகிற டெலிவிஷன் பெட்டிக்குத் தேயிலைப் படம் ஒன்று வேண்டுமாம், எடுக்க உதவும் வேலை கம்பனிக்கு. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கமராக்கார வெள்ளைக்காரனைக் கந்தப்பன் தன் சொந்தத் தோட்டத்துக்கே கூட்டிப்போனான்.

சிரித்த முகம் ஒன்று வேண்டும் என்றான் வெள்ளைக்காரன். கந்தப்பனுக்குத் தங்கை பாக்கியலெட்சுமியைவிட்டால் யார்? அவளோ தயங்கினாள். தோட்டத்துச் சனத்துக்குக் குடியுரிமை இல்லையென்று சட்டம் வந்ததிலிருந்து எல்லாரையும்போல அவளும் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாள். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குடியிருப்பது உண்மைதானா என்று பார்க்க, அந்த வாரம் ஏதோ ஒரு நாள் ஆபீசர் வருவதாகத் தகவல்.

"அவரு வந்துட்டா என்னண்ணே பண்றது?"

"வந்தா பக்கத்துக் காம்பராவுல சொல்லமாட்டாங்களா? ஒரு நாளுதானடி. வா, சீமையே ஒன்னப் பாக்கப் போவுது!"

பக்கத்துக் காம்பரா வீடுகளில் யார் இருந்தார்கள்? மலை நிறைய ஆள் வேண்டும் என்று வெள்ளைக்காரன் கேட்க, தோட்டத்தை நடத்தும் தொரை லயத்தையே காலிசெய்து மலைக்கு ஏற்றிவிட்டார். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்க்கச் சொல்லி, தீபாவளிச் சேலை கட்டவைத்து, சிரி சிரி என்றார்கள். அவளும் சிரித்தாள். ஆபீசர் வந்தது அன்றைக்குத்தான். பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்தார், ஒரு குஞ்சு குருமான் இல்லை. அப்படி ஒருத்தி அங்கே குடியில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பாழாய்ப்போன படம்!

மனு தள்ளுபடியானதும் கந்தப்பன், சீமையிலிருந்து கம்பனிக்கு வந்திருந்த படச்சுருளைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு பிரஜாவுரிமை ஆபீசான விசாரணைக் கந்தோருக்கு ஓடினான். கிளாக்கர் குமாரசிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர். கந்தப்பன் ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமை விரித்துக்காட்டினான்.

"இந்தா சிரிக்கிறா பாருங்க, ஐயா. அன்னிக்கு மலையிலதான் நின்னா. லயமே நிக்கிது பாருங்க!"

குமாரசிங்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதை என்னெண்டு நான் பைலிலை கோர்க்கிறது? கடதாசி ஏதும் இருந்தாக் கொண்டு வா."

அவர் கெட்டவர் இல்லை. படத்தைப் பார்த்துத் தீர்ப்பு மாற்ற எந்தச் சட்டத்திலும் இடமில்லை, அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள், இங்கே சாமியே கொடுக்கவில்லை. சீமையில் வீடு வீடாகப் பார்த்த முகம், பிறந்த மண்ணில் இல்லவே இல்லை என்றாகிவிட்டது.

வேறு வழியில்லாமல் அவள் புருஷன் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தான். இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் போகிற ரயிலில் ஏறியவள், ஜன்னல் வழியாக அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அழுதுக்கிட்டுப் போறேண்ணே. அந்தப் படத்துல சிரிச்சுக்கிட்டே கெடக்கேன். எவருக்கும் காட்டாத."

அன்று தொடங்கியது இந்தப் பழக்கம். முதலாளிக்கோ அந்தப் படம்தான் கம்பனியின் கிரீடம். எல்லாக் காட்சிக்கும் முதலில் அதைத்தான் போடவேண்டும். போன கிழமை தெமோதரைப் பக்கத் தோட்டத்தில் அவரே வந்து மிசின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இண்டைக்குக் கைய வெச்சியோ, வேலை இல்ல. என்னடாப்பா ஒனக்கு? அவ்வளவு ரோசமெண்டா அந்தத் துண்ட வெட்டி எறி, நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

"அவளையா வெட்டச் சொல்றீங்க?" என்றான் கந்தப்பன். "ஒருக்கா வெட்டுனது போதாதா, மொதலாளி?"

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். படம் ஓடியது. தேயிலை மலை வந்தது, தீபாவளிச் சேலைகள் வந்தன. கை எழுந்தது. கூட்டம் கத்தியது. லென்சுக்கு அத்தனை கிட்டத்தில் முகம் விழாது, வெறும் வெளிச்சம்தான் உள்ளங்கையில் அசையும். அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சிரித்து முடிக்கிற நேரம் அவனுக்குத் தெரியும். விரல்களை மெல்ல மூடி, அந்தக் கையை அப்படியே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.