கிணற்றுக் கட்டில் என் பெயர்

மௌத்தாகிப்போன என் ராத்தாவின் நன்மையைத் திருடியவன் நான்.

ஆம், கப்றுக்குள் கிடக்கும் சொந்தச் சகோதரியிடமே திருடினேன்! நீங்கள் பாலமுனைக்கு வந்தால், கடற்கரைப் பாதையில் ஒரு கிணறு இருக்கும். அதன் கட்டில், சீமெந்தில் எழுதியிருப்பது என் பெயர். கிணறு என்னுடையதல்ல.

சூறாவளி அடித்து ஓய்ந்த பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் உவர்த்துவிட்டன. தோணியால் இறங்கும் மனிதர்கள் ஒரு மிடறு நல்ல தண்ணீருக்கு வீடு வீடாகக் கேட்டு நின்றார்கள். ராத்தா அப்போது நோயில் படுத்திருந்தாள். இனித் தேற மாட்டோம் என்பது அவளுக்கே தெரியும். அவள் புருஷன், என் மச்சான், கடலுக்குப் போயிருந்த நேரம் என்னைக் கூப்பிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து தன் சீதன அட்டியலை எடுத்துக் கையில் வைத்தாள்.

"தம்பி, இத வித்து ஒரு கிணறு கட்டி விடு. சனம் குடிக்கிற காலமெல்லாம் எனக்கு நன்மை வந்திட்டிருக்கும். மச்சானுக்குச் சொல்லிராத, அவரு தோணிக்கு இஞ்சின் வாங்கணுமெண்டு நிக்காரு. என்ட மகள் வளந்தாப் பொறகு அவக்கிட்ட மட்டும் சொல்லு... உம்மா இதத்தான் வெச்சிட்டுப் போனாவெண்டு."

"ஓம் ராத்தா" என்றேன்.

அவள் மௌத்தான பின் கிணற்றைத் தோண்டினேன். அட்டியல் காசில் ஒரு சதம்கூட நான் தொடவில்லை. இதைச் சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேனோ? பாருங்கள், அந்தப் புத்தி இன்னும் போகவில்லை!

கட்டுப் பூசி முடித்த மேசன், ஈரச் சீமெந்தில் ஆணியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "காக்கா, ஆர்ர பேர எழுதுற?"

எங்கள் குடிக்கு, அதாவது எங்கள் வம்சத்துக்கு, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்க ஒரு மரைக்காரைத் தெரிவு செய்யும் பேச்சு அப்போது ஊரில் நடந்துகொண்டிருந்தது. நானோ நாற்பது வயது கடந்தும் உருப்படியாக ஒன்றும் செய்யாதவன். கடை வைத்தேன், மூடினேன். வயலைக் குத்தகைக்கு எடுத்தேன், அதையும் விட்டேன். எனக்குப் பின்னால் எதை வைத்து என்னை நினைப்பார்கள்? எங்கள் குடியைச் சேர்ந்தவர்கள் சுற்றி நின்று என் முகத்தையே பார்த்தார்கள்...

"என்ட பேரத்தான்" என்றேன்.

ராத்தா இரகசியமாகத்தானே தந்தாள், மச்சான் அறிந்தால் வீண் சண்டைதானே என்று எனக்கு நானே ஆயிரம் நியாயம் சொன்னேன். பெயரே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே! வெறும் சீமெந்தாக விட்டிருக்கலாமே! அதற்கு ஏன் நா எழவில்லை?

என்னை மரைக்காராக்கினார்கள். மச்சான் அட்டியலைத் தேடித் தேடி அலுத்துப்போனார். கவனமில்லாத பெண், மகளுக்கென்று இருந்ததையும் துலைத்துவிட்டாள் என்று ஊர் கதைத்தது. அந்தக் கதை நடந்த இடங்களில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

ராத்தாவின் மகள் வளர்ந்தாள். சொல்வேன், பெருநாளுக்குச் சொல்வேன், மாப்பிள்ளை பேசும்போது சொல்வேன் என்று வருடங்களைத் தள்ளினேன். போன மாதம் அவளுக்குக் கல்யாணம். இரவல் அட்டியல் போட்டிருந்தாள். நான் போய் உட்கார்ந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"உங்கட கிணத்துத் தண்ணிதான் மாமா. ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் உங்களுக்குத் துஆ கேக்குறன்." கழுத்தைத் தடவிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எங்கட உம்மாதான் பாவம்... ஒண்டுமே வெச்சிட்டுப் போகல்ல, என்ன மாமா?"

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. வாசலில் பள்ளிவாசல் தலைவரும் எங்கள் குடி ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓம் மகள்" என்றேன். அந்தத் தண்ணீரையும் குடித்தேன்.

யா அல்லாஹ், நான் என்ன மனிதன்! ராத்தாவுக்கும் ஓம், மகளுக்கும் ஓம்...

உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது சுகம், நீங்கள் என் ஊரில்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு ஜும்ஆ. பள்ளிக்கு அந்தக் கிணற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். தண்ணீர் அள்ளுகிறவர்கள் வாளியை வைத்துவிட்டு, மரைக்கார் என்று எனக்கு ஸலாம் சொல்வார்கள். நானும் பதில் ஸலாம் சொல்லிக்கொண்டு போவேன்.