கால்மாட்டுக் கயிறு

கல்லூரிக் கடைசி வருடத்தில் எங்கள் பேராசிரியர் செமினாருக்குத் தலைப்புகள் பிரித்துக் கொடுத்தார். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள் என்பதால் எனக்கு வைட்டமின்கள். நான் எழுந்து நின்று, என்சைம்களைக் கட்டுப்படுத்தும் அலோஸ்டெரிக் முறைதான் வேண்டும் என்றேன்.

"ஏம்மா, அது உனக்கு வருமா?"

"வரும் சார்."

"சொதப்பினா மதுரையில எம்.எஸ்ஸி.க்கு உன்னைச் சிபாரிசு பண்ண மாட்டேன். பொறவு அழக் கூடாது."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அழுவதற்காக மிதிக்கவில்லை.

என்சைமில் ஒரு குழி உண்டு. மூலப்பொருள் அதில் வந்து உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். சில என்சைம்களில், குழியைத் தொடாமல் வேறோர் இடத்தில் ஒரு சிறு மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும். உடனே மொத்த வடிவமும் மாறிக் குழி கெட்டுவிடும். இந்த அலோஸ்டெரிக் முறையைப் படித்தபோது எனக்கு எங்கள் கயிற்றுக் கட்டில்தான் தெரிந்தது. கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் நடுவில் விழுந்திருக்கும் குழி மறைந்துவிடும். நடுவில் யாரும் கை வைப்பதில்லை.

கட்டிலையே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்குத்தான் மனசே இல்லை. "தொளதொளன்னு கெடக்கு. இதையா நாலு பேரு முன்னால வைக்கப் போற?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வழிமறித்தார். "என்ன தாயி, காலேஜுல அம்புட்டுத் தூக்கமா வருது?"

"ராஜபாளையம் வரைக்கும் உங்க பஸ்ல என்னைக்கு உக்கார எடம் கெடைச்சிருக்கு? அதான் கையோட கொண்டாந்துட்டேன்."

பஸ்ஸே சிரித்தது. கட்டில் பஸ்ஸின் கூரைக்கு ஏறியது.

வகுப்பில் கட்டிலைப் போட்டு, மூலப்பொருள் என்று சொல்லி ஒரு தேங்காயை நடுவில் வைத்தேன். அது குழியில் உட்காராமல் கடகடவென்று உருண்டு முன்பெஞ்சுக் காலடியில் விழுந்தது. அப்போதுதான் கவனித்தேன். கட்டில் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. காலையில் நான் குளிக்கப் போன நேரத்தில், கௌரவம் கெடக்கூடாதென்று அம்மா கயிற்றை இறுக்கிக் கட்டியிருக்கிறாள்!

"கட்டில் நல்லாத்தான் இருக்கு, பாடத்தைத்தான் காணோம்" என்றார் பேராசிரியர். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

முகம் சுட்டது. ஆனாலும் தலை குனியவில்லை.

"பாடம் நடந்துட்டுத்தான் இருக்கு சார். நீங்க இப்பப் பார்த்தது நிறுத்தி வச்ச என்சைம்."

கால்மாட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்த்தேன். கயிறு தளர்ந்து நடுவில் குழி விழுந்தது. தேங்காயை வைத்தேன். அசையாமல் உட்கார்ந்தது. மறுபடி இறுக்கினேன், உருண்டது. "குழியை நான் தொடவே இல்லை" என்று தமிழில் சொல்லி, அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி. செல்லுக்குள்ள அந்தக் கயிறை இறுக்குறது யாரு?"

"பல நேரம், என்சைம்க வரிசையா வேலை செஞ்சு கடைசியில உருவாகுற பொருளேதான் சார். அது தேவைக்கு மேல சேர்ந்துட்டா, அதுவே திரும்பி வந்து வரிசையில முதல் என்சைம்ல ஒட்டிக்கிடும். குறைஞ்சா விலகிடும். செல் தனக்குத் தானே போட்டுக்கிட்ட கட்டுப்பாடு."

பேராசிரியர் தலையாட்டினார்.

"மதுரைக்கு உன் பேரைச் சொல்றேன். போய் உக்காரு."

"இன்னும் முடியல சார். வேலையைத் தூண்டிவிடுற மூலக்கூறும் இருக்கு" என்று சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகையை மறைத்துக்கொண்டிருந்த தன் நாற்காலியை அவரே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.